வெங்கடாசலம் போடாத கையெழுத்து

இது நடந்தது. கதை கட்டிச் சொல்வதாக இருந்தால் என்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டிருப்பேன். இதில் நான் யோக்கியன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து மெட்ராஸ், திருச்சி, பாண்டிச்சேரி, காட்பாடி என்று நாலா பக்கமும் ராப்பகலாக வண்டி ஓடும். டிக்கெட் வாங்கி ஏறி உட்கார்ந்து தூங்குகிறவர்களுக்கு ஒன்று தெரியாது. ராத்திரி வண்டியின் டிரைவரை யார் எழுப்புவது? அதற்கென்றே ஆள் உண்டு. கால்மேன் என்று பெயர். வண்டி புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு லாந்தரோடு ரயில்வே காலனிக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். டிரைவர் எழுந்து வந்து புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். போட்ட பிறகுதான் கதவை விட்டு நகரலாம். நானும் கால்மேன்தான். பெயர் துரைக்கண்ணு. அப்போது டெம்பரவரி.

என்னோடு இன்னொருவர், கோதண்டபாணி. இருபது வருஷ சர்வீஸ். அவர் எழுப்பி ஒரு டிரைவரும் லேட்டாக வந்ததில்லை.

1958 அக்டோபர் 29. ராத்திரி 1.40. கொட்டுகிற மழை. காட்பாடி கூட்ஸ் 3.40-க்கு. டிரைவர் வெங்கடாசலத்தை எழுப்பக் கோதண்டபாணி கிளம்பினார். அவரிடம் குடை இல்லை, என்னிடம் இருந்தது. நானும் கூடப் போனேன். வெங்கடாசலம் கதவைத் திறந்தார். சாராய நெடி குப்பென்று அடித்தது.

"எழுந்துட்டேன்யா. மழையில புக்கு நனையும். ஷெட்டுக்கு வந்து போடறேன், போ."

கதவு சாத்திக்கொண்டது. கோதண்டபாணி கொஞ்ச நேரம் நின்றார். பெரிய டிரைவர், எதிர்த்துப் பேச முடியுமா? கையெழுத்து வாங்காமலே திரும்பி வந்துவிட்டோம். அந்த மனுஷர் திரும்பப் படுத்துத் தூங்கிவிட்டார். வண்டி மூன்று மணி நேரம் லேட்.

விசாரணையில், "என்னை யாரும் எழுப்பல" என்று ஒரே அடியாக அடித்தார் வெங்கடாசலம். புத்தகத்தில் கையெழுத்துக் கட்டம் காலி. கோதண்டபாணி என்னைக் கை காட்டினார். "துரைக்கண்ணு கூட வந்தான். அவனைக் கேளுங்க."

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலமே வெங்கடாசலம் என்னைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். "வாய மூடிக்கினு இரு. உன்னை பர்மனண்ட் பண்ண நானாச்சு." எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. "நான் போகலீங்க" என்று சொல்லிவிட்டேன். கோதண்டபாணி என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அவருக்கு வேலை போயிற்று. எட்டாம் நாள் விக்கிரவாண்டிப் பக்கம் தண்டவாளத்தில், கொட்டுகிற மழையில் பிணமாகக் கிடந்தார். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

1959 மார்ச். மாசி வெயில் மண்டையைப் பிளக்கிற காலம். ஒரு ராத்திரி 1.40-க்கு வெங்கடாசலத்தின் கதவைத் தட்டினேன். உடனே திறந்தது. கண் சிவந்திருந்தது.

"இப்பத்தானேடா வந்து தட்டின? எத்தினி வாட்டி?"

"இல்லீங்க. இப்பத்தான் வர்றேன்."

வாசலைப் பார்த்தேன். ஈரம். இரண்டு கால் தடம். மழை பெய்து இரண்டு மாசம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் தட்டல். டூட்டி இல்லாத ராத்திரியிலும். சரியாக 1.40-க்கு மூன்று தட்டு. திறந்தால் ஆள் இல்லை, ஈரம் மட்டும். ஒரு நாள் அவர் மனைவி பாஞ்சாலி அம்மாள் என்னிடம் அழுதார். "தூங்கியே ஒம்பது நாள் ஆவுது. யாருகிட்டியோ 'போட மாட்டேன், போட மாட்டேன்'னு கத்திக்கினே கீறாரு."

தட்டுவது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மார்ச் 14. மறுபடி அதே காட்பாடி கூட்ஸ். அதே டிரைவர். நான் காலனிக்குள் திரும்பும்போது மணி 1.38.

அவர் வாசலில் ஏற்கெனவே ஒரு லாந்தர் எரிந்தது.

ஒருவர் முதுகு காட்டி நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கை முட்டியிலிருந்து தண்ணீர்...

சொட்... சொட்... சொட்...

கதவு திறந்திருந்தது. வெங்கடாசலம் புத்தகத்தின் மேல் குனிந்திருந்தார்.

"தேதிய சரியா போடுங்க ஐயா. அக்டோபர் இருபத்தொம்பது."

கோதண்டபாணியின் குரல். அதே மரியாதை.

பென்சில் கீறும் சத்தம் கேட்டது.

லாந்தர் அணைந்தது. நின்றவரைக் காணோம்.

நான் சுவரோரம் ஒதுங்கினேன்.

வெங்கடாசலம் வெளியே வந்தார். பனியனும் வேட்டியும்தான். என்னைக் கடந்து நடந்து போனார்.

"ஐயா... புக்கு..."

"போட்டாச்சு."

ஷெட்டுப் பக்கம் திரும்பவில்லை. விக்கிரவாண்டிப் பக்கம் நடந்தார்.

3.40-க்குச் செய்தி வந்தது. கோதண்டபாணி கிடந்த அதே இடத்தில் வெங்கடாசலம்.

மறுநாள் போர்மேன் காதர் பாட்சா என்னைக் கூப்பிட்டார். விசாரணைக்கு எடுத்த பழைய புத்தகம் அவர் பீரோவில் பூட்டிக் கிடந்தது. சாவி அவர் இடுப்பில். திறந்து அக்டோபர் 29 பக்கத்தைக் காட்டினார். காலியாக இருந்த கட்டத்தில் வெங்கடாசலத்தின் கையெழுத்து. தாள் ஈரமாக இருந்தது.

அவர் விரல் கீழே நகர்ந்தது. முன்பு இல்லாத ஒரு வரி. நேரம் 1.40. எழுப்ப வேண்டியவர் பெயர் துரைக்கண்ணு. கையெழுத்துக் கட்டம் காலி.

"நீ ஏண்டா இதுல இருக்கே?" என்றார். அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, திண்டிவனத்துக்கு வந்து மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன். என் மனைவி வீரம்மாளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இன்று காலை அவள் காப்பி கொடுத்தபடி சொன்னாள்.

"ராத்திரி ஒரு பெரியவரு உங்களைத் தேடிக்கினு வந்தாருங்க. தொப்பலா நனைஞ்சி. கையில ஒரு புக்கு. நீங்க அசந்து தூங்கினு இருந்தீங்க. பாவமா இருந்துது... நாளைக்கு வாங்க, நானே எழுப்பி வுடறேன்னு சொல்லிட்டேன்."