முற்றத்தின் நடுவில் ஒரு துளை

சிதம்பரத்திலிருந்து நானும் என் மனைவியின் தம்பியும் ராஜஸ்தான் பாலைவனத்தில் உள்ள பழைய தியான மடம் ஒன்றுக்குப் போயிருந்தோம். அதன் கல் முற்றம் நான்கு பக்கமும் நடுவிலிருந்த துளையை நோக்கிச் சரிந்திருந்தது.

"என்னா வாட்டம் பாருங்க மாமா! நம்ம ஊர்ப்பக்கம் குமராட்சியில இப்படிக் கட்டியிருந்தா தெருவுல வெள்ளம் நிக்குமா?" என்றபடி, துணி துவைத்த சோப்புத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினான்.

மடத்தில் சமைக்கும் பெண் அலறிக்கொண்டு ஓடி வந்தார். முக்காட்டை உருவித் துளையில் திணித்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நுரை அவரைச் சூழ்ந்து நின்றது. கீழே இருப்பது குடிநீர்த் தொட்டி, அடுத்த மழைவரை மடத்துக்கே அதுதான் தண்ணீர் என்று பின்னாலேயே ஓடி வந்த மடத்துக் காவலாளி சொன்னதும் நான் துண்டை எடுத்து நுரையைத் துடைக்கத் தொடங்கினேன்.

"சாக்கடைன்னு நெனச்சிட்டேன் மாமா" என்று அவன் முனகினான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாங்கள் துடைத்து முடித்ததும் அந்தப் பெண் தொட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் இறைத்து, முதலில் தானே குடித்துப் பார்த்து, சோப்பு கலக்கவில்லை என்று தலையசைத்தார். மழைக்காக ஒரு கட்டடமே வாயைத் திறந்து காத்திருக்கும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.