லோரிக்காரருக்குக் கட்டிய தேநீர்

சிம்பாங் அம்பாட் ஊரின் சாலையோரத் தேநீர்க் கடையில் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். பழைய காதலனைக் கண்டதும் ரோஷத்தை மறந்துவிடும் பெண்ணைப் பற்றி வானொலியில் ஒரு கேலிப் பாட்டு ஓடுகிறது. செம்பனைக் குலைகள் ஏற்றிவரும் லோரியின் ஹார்ன் கேட்டதும் கடைக்கார அக்கா தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டி, ஆணியில் மாட்டுகிறார்.

"யாருக்குக்கா?" என்கிறேன்.

"என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டு வேறொருத்தியைக் கட்டுன ஆளுக்குலா. தரக்கூடாதுன்னுதான் நினைப்பேன். ஹார்ன் கேட்டா கை நிக்காது."

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இப்படி ஒருநாளும் இளக மாட்டேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

லோரியிலிருந்து வேறொருவர் இறங்கி வருகிறார். "அவரு நேத்து தவறிட்டாருக்கா. இனி நான்தான் ஓட்டுறேன்," என்றபடி தேநீர்ப் பையை நோக்கிக் கை நீட்டுகிறார்.

"அது ஆறிப்போச்சு. உங்களுக்கு வேற போடறேன்," என்கிறார் அக்கா.

பையின் உட்புறத்தில் இன்னும் ஆவி படிந்திருக்கிறது.