காளான் குப்பைக்குத் தீ வைத்தவர்கள்

போன ஞாயிறு மத்தியானம். எருமப்பட்டியில் தங்கை வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கவளம் வாய்க்குப் போகவில்லை. பக்கத்துக் கத்தரிக் காட்டிலிருந்து கூச்சல்.

ஓடிப் போய்ப் பார்த்தால்... கூலி வேலைக்கு வந்த ராசம்மாள் வரப்போரம் சுருண்டு கிடக்கிறாள். வாயில் எச்சில் வழிகிறது. உடம்பு வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. பக்கத்தில் ஒரு இரும்புச் சட்டி. அதில் மணலோடு கலந்த குருணை மருந்து.

கத்தரிச் செடியின் வேரில் மணி மணியாக முடிச்சு விழுந்து செடி வாடிப் போகிறதே, அதற்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கும் ஒரு புழு. கண்ணுக்கே தெரியாதாம். அதைக் கொல்லத்தான் இந்தக் குருணை. காட்டுக்காரர் சென்னியப்பன் அதைத் தூவச் சொல்லியிருக்கிறார். எப்படி? வெறுங்கையால்!

ரோட்டில் வந்த முட்டை லாரியை மறித்தோம். டிரைவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ராசம்மாளைத் தூக்கி கேபினில் கிடத்திக்கொண்டு நாமக்கல்லுக்குப் பறந்தார். ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் இழுத்தபோது, கூட வந்திருந்த என் தங்கை சரஸ்வதி ராசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ராசம்மாள் கண் திறந்தாள். அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“பாதிக் காடு தூவாம கெடக்குதுங்க சாமி...”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவரோடு பார்க்க வந்திருந்த மருந்துக் கடைக்காரர் இருக்கிறாரே — அவர் குனியவில்லை.

“மருந்து மேல ஒரு தப்பும் இல்லீங்க. கையக் கழுவாம சோத்துல வெச்சிருப்பா” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “பையில மண்டை ஓடு போட்டிருக்குதே, அதை இந்தப் பொம்பளகிட்டக் காட்டுனீங்களா?”

“அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்களே.”

“மண்டை ஓட்டைப் பார்க்கப் படிப்பு எதுக்குய்யா?”

நர்ஸ் வந்து அதட்டினார். என்னைத்தான். சத்தம் போடுகிறவன்தானே எப்போதும் குற்றவாளி?

இவ்வளவு கோபத்துக்கும் காரணம் அந்த ஒரு நாள் மட்டும் இல்லை. போன மாதமே புகைய ஆரம்பித்தது அது.

சரஸ்வதியின் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் சுற்றுகிறவர். காடு, மாடு எல்லாம் அவள் பொறுப்பு. கோயமுத்தூர் போய்ப் பயிற்சி எடுத்து, வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்கிறாள். வைக்கோலைப் பாலித்தீன் பையில் அடைத்து, உறி மாதிரி தொங்க விட்டு, ஈரச் சாக்கு கட்டி... பிள்ளை வளர்க்கிற மாதிரிதான். “நாய்க்கொடைக்கு ஊடு கட்டிருக்குதப்பா அந்தப் புள்ள!” என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும், சிரிப்பில் யாரும் சாகமாட்டார்கள்.

காளான் அறுத்து முடித்ததும் மிச்சமாகிற வைக்கோலை எங்கே போடுவது? குழியில் போட்டு மக்க விட்டாள். அப்புறம் தன் கத்தரிக் காட்டில் கிணற்றுப் பக்கத்துப் பாதியில் கொட்டி உழுதுவிட்டாள். மீதிப் பாதிக்குப் போதவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நட்ட செடி வளர வளர வித்தியாசம் தெரிந்தது. குப்பை போடாத பாதி வாடி மஞ்சளடித்தது. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. போட்ட பாதியில்? அங்கொன்று இங்கொன்று முடிச்சு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் செடி நின்றது. காய்த்தது.

“எதனால கண்ணு?” என்று கேட்டேன்.

“தெரீலீங்கண்ணா. அந்தக் குப்பையில என்னமோ இருக்குது” என்றாள்.

நல்ல விஷயமாச்சே என்று அக்கம்பக்கம் எல்லோருக்கும் சொன்னாள். தப்பு அங்கேதான் நடந்தது. விஷயம் கடைக்காரர் காதுக்குப் போயிற்று. “காளான் பூசணம் மண்ணுல எறங்குனா பக்கத்துக் காடெல்லாம் பூத்து நாசமாப் போயிரும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஓதினார். ஊர் நம்பியது.

சென்னியப்பன் சரஸ்வதியின் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. அவரே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, பட்டப்பகலில், குழியிலிருந்து அள்ளிக் காயப் போட்டிருந்த குவியலுக்குத் தீ வைத்தார். “மாமா, ஒரு செடியப் புடுங்கிப் பாத்துட்டுப் பத்த வெய்யுங்க” என்று சரஸ்வதி கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். யார் பார்த்தார்கள்? புகை அடங்கும் வரை நின்று பார்த்தார்கள், அதைத்தான்!

நம் ஊர் நியாயம் இது. பையில் அடைத்து, தைத்து, படம் போட்டு வந்தால் விஷமும் மருந்து. வீட்டுப் பெண் கூடையில் அள்ளி வந்தால் உரமும் குப்பை.

ராசம்மாள் வீடு திரும்பிய மறுநாள் சென்னியப்பன் சரஸ்வதி வீட்டு வாசலில் வந்து நின்றார். நானும் அங்கேதான் இருந்தேன். தொண்டையைச் செருமினார்.

“அம்மிணி... அந்தக் காளான் குப்பை கொஞ்சம் மிச்சம் இருக்குதா?”

கொட்டகையில் அறுத்து முடித்த பைகள் கொஞ்சம் இருந்தன. அவள் காட்டுக்கே அது போதாது. ‘சொல்லு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேள்’ என்று நான் மனசுக்குள் தவிக்கிறேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“ராசம்மாக்கா கையில இனிமேல் அந்தக் குருணையக் குடுக்க மாட்டீங்களே மாமா?”

“சத்தியமாக் குடுக்க மாட்டேன் அம்மிணி.”

“அப்பச் செரி. பாதிய எடுத்துக்கங்க. மக்க வெச்சுப் போடுங்க.”

அவர் போனதும் வெடித்துவிட்டேன். “ஏன் கண்ணு, உனக்குச் சூடு சொரணையே கெடையாதா? தீ வெச்ச மனுசனுக்கா குடுக்கறே?”

வெறும் கூடையை உதறிக்கொண்டே சொன்னாள். “அவருக்கு எங்கீங்கண்ணா குடுத்தேன்? அந்தக் காட்டுல நாளைக்கும் ராசம்மாக்காதான எறங்கோணும்?”

பஸ் ஏறிச் சேலம் வந்து சேரும் வரையில் யோசித்தேன். அவள் சொன்னது சரிதான். அவள் மன்னித்துவிட்டாள்.

நான் மன்னிக்கவில்லை. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு அந்த உரிமையாவது இருக்கட்டும்!