என் அப்புவை வென்றவர்

என் அப்பு குடியை விட்டபோது ஊர்காவற்றுறையில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் படவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு எழுதும்போதும் அது கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் தகப்பனான அப்பு அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் மோட்டர் வள்ளம் ஓட்டியவர். அம்மா செத்த பிறகு குடி கூடியது. ஒருநாள் துறையில் வள்ளத்தைக் கட்டும்போது குடிவெறியில் கடலுக்குள் விழ, வள்ளத்தின் சொந்தக்காரர் அவரை வேலையால் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு காலையிலேயே கள்ளுத் தவறணைக்குப் போகத் தொடங்கினார். நான் அப்போது வேலணையில் தபால் கந்தோரில் வேலை. கலியாணமாகி, அப்புவை என்னோடுதான் வைத்திருந்தேன். அவர் குடியை விடவேண்டும் என்று நான் செய்யாதது இல்லை. கெஞ்சினேன், ஏசினேன், மடுமாதாவுக்கு நேர்ந்தேன், இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். ஒருமுறை காலைப் பிடித்தும் கேட்டேன்.

"ஓம் மோனை, விடுறன்" என்றார். அன்று பின்னேரமே தள்ளாடிக்கொண்டு வந்தார்.

மாஸ்டர் மன்னார்ப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். பேக்கரியில் பாணுக்கு விடியவே வரிசையில் நிற்கவேண்டியிருந்த காலம் அது. அந்த வரிசையில்தான் அப்புவைக் கண்டிருக்கிறார். அப்புவின் கை நடுங்குவதைப் பார்த்து, ஏனென்று கேட்காமல், பாணைத் தான் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படலை வரைக்கும் கூட நடந்து வந்தார். அடுத்த நாளும் வந்தார். சனிக்கிழமை பின்னேரங்களில் கோயில் விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகளைச் சேர்த்து அவர் வேதாகமம் வாசித்து வந்தார். வாசிப்பதைவிடக் கதைப்பதுதான் அங்கே கூட. கிழவர்களும் இருந்தார்கள், மீசை அரும்பியவர்களும் இருந்தார்கள். யாருக்கு என்ன கஷ்டம் என்று ஆளுக்காள் சொல்லுவார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவருக்காகச் செபிப்பார்கள். அப்பு முதலில் வாசலில் நின்றார். பிறகு உள்ளே போய் இருந்தார். பிறகு குடியை விட்டார். மூன்றே மாதம்.

"உங்கடை அப்பாவைப் பாக்க எவ்வளவு சந்தோஷமாயிருக்கு" என்று சுவாமியார் என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது. பத்து வருஷம் நான் மாரடித்தேன். எங்கிருந்தோ வந்த ஒருவர், ஒரு சொல் ஏசாமல், கூட நடந்தே அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எடுத்துக்கொண்டு போனார் என்றுதான் எனக்குப் பட்டது. அவரும் அப்புவை 'அப்பு' என்றே கூப்பிட்டார். ஊரில் வயதான யாரையும் அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான். ஆனாலும் படலையில் அந்தக் குரல் கேட்டவுடன் அப்புவின் முகம் மலர்வதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் கந்தோரால் வரும்போது அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை. என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு இருவரும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். நான் கிட்டப் போனால் அப்பு பேச்சை நிறுத்தி, "என்ன தம்பி, சாப்பிட்டியோ?" என்று கேட்பார். என்னோடு கதைக்க அவருக்கு அதுதான் இருந்தது.

அப்பு எட்டு மாதம் தொடாமல் இருந்த நேரம் என் இளைய மகளுக்கு ஞானஸ்நானம் வந்தது. மாஸ்டரை ஞானத்தகப்பனாக வைப்போம் என்று அப்பு கேட்டார். நான் ஏலாது என்றேன். மனைவியின் தமையனை வைத்தேன். அப்பு மத்தியானச் சாப்பாட்டில் மாஸ்டரைத் தனக்குப் பக்கத்தில் இருத்தி, வந்த ஆட்களுக்கெல்லாம், "இவர்தான் என்னைத் தூக்கி நிறுத்தினவர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதையே ஐந்தாறு தரம் சொன்னார்.

சாப்பிட்டு முடிந்து மாஸ்டர் போய்விட்டார். வளவுக்குள் மாமரத்தடியில் ஆம்பிளைகள் சாராயப் போத்தல் உடைத்தார்கள். வாங்கி வைத்தவன் நான்தான். ஒரு கிளாசில் ஊற்றிக்கொண்டு போய் அப்புவின் முன்னால் வைத்தேன்.

அவர் கிளாசைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நீ தாறதோ, தம்பி?"

"ஓம். ஒண்டுதானே. பேத்தியின்ரை ஞானஸ்நானம்."

அவர் அதைக் குடித்தார். அடுத்ததைத் தானே ஊற்றினார். நாலு மணிக்கெல்லாம் மாமரத்தடியில் வாயில் ஈ மொய்க்கக் கிடந்தார். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் என்ன நினைத்தேன் என்றால், இப்ப வந்து பார்க்கட்டும் மாஸ்டர், என்று நினைத்தேன்.

அவர் மறுநாள் வந்தார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆர் தந்தது, அப்பு?"

"ஒருத்தரும் தரேல்லை. நான்தான் கை நீட்டி எடுத்தனான்."

குசினிச் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

"சனிக்கிழமை வருவியள்தானே?" என்றார் மாஸ்டர்.

"என்ன முகத்தோடை வாறது?"

"இந்த முகத்தோடைதான். நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

அந்தச் சனி அப்பு போகவில்லை. அடுத்த சனியும் போகவில்லை. மாஸ்டர் ஒவ்வொரு நாளும் வந்தார். அப்பு வெறியில் கிடந்தால் பக்கத்தில் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்துவார். நாலாவது சனி அப்பு தானாக முழுகி, சேட்டுப் போட்டுக்கொண்டு படலைக்குள் நின்றார். நான் வெட்கப்பட்டேன், அது உண்மை. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. நான் விழுத்தியும் அவர் தூக்கிவிட்டாரே என்ற ஆத்திரம்.

இரண்டு வருஷத்தில் மாஸ்டருக்குத் தன் ஊர்ப்பக்கம் மாற்றம் கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆனால் மாதம் ஒரு கடிதம் வரத் தொடங்கியது. அப்புவின் கண்களில் வெள்ளை படர்ந்துவிட்டதால் நான்தான் வாசித்துக் காட்டவேண்டும். பதிலையும் நான்தான் எழுதவேண்டும். அப்பு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்: "அன்புள்ள மகனுக்கு எண்டு போடு."

நான் 'அன்புள்ள மாஸ்டருக்கு' என்று எழுதினேன். "எங்கை, வாசி பாப்பம்" என்பார். 'மகனுக்கு' என்று வாசித்துக் காட்டுவேன். ஒவ்வொரு கடிதத்திலும் அப்படியே செய்தேன். மற்றதெல்லாம் அவர் சொன்னபடிதான். சனிக்கிழமைக்கு யார் யார் வந்தார்கள், துறையில் யாருடைய பெடியன் குடிக்கத் தொடங்கிவிட்டான், அவனோடு தான் எப்படிக் கூட நடந்து போகிறார் என்றெல்லாம் எழுதச் சொல்லுவார். என் தகப்பன் ஊரில் என்ன செய்கிறார் என்பதை அந்தக் கடிதங்களை எழுதித்தான் நான் அறிந்தேன்.

ஒருமுறை நாலே வரியில் கடிதம் வந்தது. தலைப்பிள்ளை பிறந்து இரண்டு நாளில் தவறிவிட்டது, இனிக் கோயில்பக்கம் போக மனமில்லை, செபம் வாயில் வரவில்லை என்று மாஸ்டர் எழுதியிருந்தார். அப்பு இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "நாளைக்கு லீவு போடு. மன்னாருக்குப் போவம்" என்றார்.

எனக்கு மூத்த பிள்ளை பிறந்தபோது யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்கு வராத மனுஷன். அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். "ஓம், வரேல்லைத்தான். அப்ப நான் ஆளாயில்லை" என்றார்.

யாழ்ப்பாணம் போய் மன்னார் பஸ் ஏறினோம். மாஸ்டர் மெலிந்து, தாடி வளர்த்து, வேறு ஆளாக இருந்தார். அப்பு தடவித் தடவிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வேதாகமமும் எடுக்கவில்லை. பின்னேரமாக மாஸ்டர், "அப்பு, எனக்குச் செபிக்க ஏலாமல் கிடக்கு" என்றார்.

"நீர் செபிக்க வேண்டாம். நான் செபிக்கிறன், நீர் சும்மா இரும்" என்று அப்பு அவருடைய தலையில் கையை வைத்தார். மாஸ்டர் குழந்தைபோல அழுதார். எதிரே மர வாங்கில் இருந்த நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதைவிடக் கேவலமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

மூன்று நாள் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் அப்புவின் கையைப் பிடித்துப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார் என்று சொல்ல முடியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னால் அடக்க முடியவில்லை. "ஞானஸ்நானத்தண்டு நான் ஊத்தித் தந்ததை ஏன் அவருக்குச் சொல்லேல்லை, அப்பு?"

அவர் யன்னல்பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீ தந்தாய், நான் குடிச்சன். அது எங்கடை வீட்டு விஷயம். வெளியாலை சொல்ல என்ன கிடக்கு?"

வெளியால் என்று அவர் சொன்னது மாஸ்டரை. அந்த ஒரு சொல்லுக்காக அன்று எனக்குள் வந்த சந்தோஷம் நியாயமான சந்தோஷம் இல்லை. ஆனாலும் வந்தது. பிறகுதான், யன்னலோரம் அவர் கண்ணைத் துடைப்பதைக் கண்டு, என் தலையைக் குனிந்துகொண்டேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். "ம்" என்றார். பூநகரி வந்ததும் வடை வாங்கச் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பு காலமானார். மாஸ்டருக்குத் தந்தியை என் கையாலேயே அடித்தேன். மாஸ்டர் வந்து சனங்களுக்குப் பின்னால் நின்று அழுதார். எனக்கு அன்று கண்ணீர் வரவில்லை. அவருடைய கண்ணீர்மீதும் ஒரு எரிச்சல் வந்தது. இருந்தும் போய் அவருடைய கையைப் பிடித்து, "இஞ்சை முன்னுக்கு வாரும்" என்று பெட்டியடிக்குக் கூட்டிவந்தேன். தலைமாட்டை இருவருமாகத் தூக்கினோம்.

அடக்கம் முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, வாலிபத்தில் அப்பு எழுவைதீவுக் கடலில் தன் தம்பியைப் பறிகொடுத்த கதையை மாஸ்டர் சொன்னார். அப்புவுக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. மறுபடியும் பழைய எரிச்சல் நெஞ்சில் வந்து நின்றது. மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இல்லை, சொல்லும்" என்றேன். "வேறை என்னவெல்லாம் சொன்னவர்? எல்லாத்தையும் சொல்லும்."

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.