ஆறு ஓடாத ஊர்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த காலத்தில் எனக்கு ஒரு சுயசரிதை இருந்தது. ரியூசன் படிப்பித்த சேர் எழுதித் தந்து, வகுப்பே சேர்ந்து பாடமாக்கிய சுயசரிதை. அதன்படி எங்கள் எல்லோருடைய ஊர் நடுவிலும் ஓர் ஆறு ஓடியது; எல்லோருடைய தந்தையும் விடியற்காலையில் வயலுக்குப் போனார். புத்தளத்தில் என் வாப்பா போனதென்னவோ உப்பளத்துக்கு.

அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த மிஸ், ஆளுக்கொரு சின்ன வீடியோ எடுத்து அவரவர் கதையைச் சொல்லச் சொன்னார். நல்லதைப் பரிசளிப்பு விழாவில் பெரிய திரையில் போடுவாராம். அந்தத் திரையில் நான் வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு. வகுப்புப் பரீட்சையில் முழுப் புள்ளி வாங்கிய சுயசரிதை கையிலிருக்க, புதிதாக எவராவது யோசிப்பார்களா?

வாப்பாவின் தம்பி சாச்சாவின் போனை இரவல் வாங்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். வாப்பா போனைப் பிடிக்க, உப்புக் குவியலின் முன் விறைப்பாக நின்று ஆறு, வயல், ஏர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். முடிந்த பிறகு வீடியோவை நிறுத்தத் தெரியாமல் வாப்பா தடுமாற, போன் சரிந்து அவருடைய கால்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நம்மட ஊர்ல ஆறு எங்க மகள்?"

"அது புள்ளிக்கு வாப்பா!"

"அப்ப நான்?"

"நீங்க வயலுக்குப் போயிட்டீங்க."

வாப்பா சிரித்த சிரிப்பில் படம் குலுங்கியது.

"கால்ல வெடிச்ச இடம் எரியுதா வாப்பா?"

"பழகிட்டு மகள்."

இதுவும் பதிவாகியிருந்தது எங்களுக்குத் தெரியாது. விழாவன்று மிஸ் என் சுயசரிதை முழுவதையும் வெட்டிவிட்டு இந்தத் துண்டை மட்டும் போட்டார். மண்டபமே கொல்லென்று சிரித்தது; "பழகிட்டு மகள்" வந்ததும் சிரிப்பு நின்றது. போச்சு, மானம் போச்சு! ஒரு சொல் பிசகாமல் சொன்னதை எறிந்துவிட்டு, பிழையாய்ப் போனதைத் திரையில் போடுகிறாரே! கதிரையில் சுருண்டு அழுதேன்.

பக்கத்தில் பார்த்தால் வாப்பாவும் அழுகிறார். அவர் அழுது நான் பார்த்ததேயில்லை. என் புள்ளி போன கவலைதான், பாவம், என்று நினைத்தேன். உப்பில் காய்த்த அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க வாப்பா, அடுத்தமுறை ஒழுங்காச் சொல்றன்" என்று தேற்றினேன்.