எதுக்குமக்காவின் படகு

ஏரிக்கரையில் என் தங்கையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதுக்குமக்கா என்றால்தான் தெரியும். எந்த வேலையைத் தொடங்கினாலும் "எதுக்கும் ஒரு தடவை பாத்துருவோம்" என்பாள். அதனால் வந்த பெயர். படகைக் கட்டிவிட்டு நாலு எட்டு நடப்பாள், திரும்பி வந்து முடிச்சை இழுத்துப் பார்ப்பாள். பெட்ரோல் கேனை மூடியபின் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பாள். கூட மீன் பிடிக்கிறவர்கள் விடமாட்டார்கள்.

"எதுக்குமக்கா, இன்னைக்கும் சூரியன் மேற்கதான் மறையுமா? எதுக்கும் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

"நேத்து நான் பாத்தாச்சு. இன்னைக்கு உன் முறை" என்பாள்.

நான் கண்ணாடிக் கடையில் அளவெடுத்து வெட்டுகிறவன். ஒரு நூல் பிசகினாலும் கண்ணாடி சட்டத்தில் உட்காராது. அப்படிப்பட்ட தொழிலில் தலை நரைத்த நானே அவளுக்குப் பக்கத்தில் நின்றால் அவசரக்காரன்தான். என் உடன்பிறந்தவள் என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று தோன்றினால், அவள் படகு வாங்கிய கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவளும் மாப்பிள்ளையும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே படகில் போனவர்கள். மாப்பிள்ளை முன்பக்கம் நின்று வலையை இழுப்பார். தங்கை பின்பக்கம் உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்துக்கொள்வாள். கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்பதுபோல அது பேசாமலே முடிவான விஷயம். பிறகு ஒருநாள் மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் லாரியின் அடியில் போனது. ஆள் தப்பினார், ஆனால் வலது முழங்கால் அதற்குப்பின் மடங்கவே இல்லை. உட்கார்ந்தால் கால் மட்டும் கட்டை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அவர்களுடைய பழைய படகில் அந்தக் காலுக்கு இடமில்லை. பிறகு அதுவும் அடிப்பாகம் விரிசல் விட்டு உபயோகமற்றுப் போனது.

தங்கை ஒரு படகை வாடகைக்கு எடுத்துத் தனியாகப் போனாள். காற்று இல்லாத நேரத்தில் தனி ஆள் சமாளிக்கலாம். காற்று எழுந்துவிட்டால் முடியாது. முன்னால் போய் வலையை இழுக்கும்போது பின்னால் மோட்டாரைப் பிடிக்க ஆள் வேண்டும், இல்லையென்றால் படகு வலைமேலேயே ஏறிவிடும். அதனால் அவள் கரையோரத்தைத் தாண்டவில்லை. பெரிய மீன் எல்லாம் எதிர்க்கரையில், தண்ணீரில் மூழ்கி நிற்கும் மரங்களுக்கு நடுவில் இருந்தது.

"கூலிக்கு ஒரு ஆள் வச்சுக்க" என்றேன்.

"வச்சுக்கலாம். அப்புறம் உன் மாப்ள நிரந்தரமா வீட்டு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்துருவாரு. அவரு ஏற்கெனவே பாதி நாற்காலி ஆயிட்டாரு அண்ணே."

அவளுக்கு வேண்டியது அந்த மனிதர் திரும்பவும் தண்ணீருக்கு வரும்படியான ஒரு படகு. வெறும் படகு என்றால் எப்போதோ வாங்கியிருப்பாள்.

வாடகைப் படகின் சொந்தக்காரர் தன் மருமகனுக்காக அதைத் திரும்பக் கேட்டபோது, விற்பனைக்கு இரண்டு அலுமினியப் படகுகள் இருந்தன. இரண்டும் பழையவை, இரண்டும் சிறியவை, விலையும் ஏறக்குறைய ஒன்று. ஒன்று, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு காசாளருடையது. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட வைத்திருந்தார். தட்டையான அடி, அகலமான உடம்பு, நடுவில் தடுப்பே இல்லாத திறந்த தரை. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை முன்பக்கம் தரையில் உட்கார்ந்து காலைத் தாராளமாக நீட்டிக்கொண்டே வலை இழுக்கலாம்.

மற்றது பெரிய படகுக்கு மாறிவிட்ட ஒரு மீனவருடையது. அடி கூராக இருக்கும். முன்மூக்கில் ஒரு நசுங்கல். முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று குறுக்கு இருக்கைகள் ரிவிட் அடித்து இறுக்கியிருந்தன. முன்னிருக்கைக்கு எதிரே நங்கூரப் பெட்டி. மடங்காத காலோடு அங்கே உட்கார வேண்டுமென்றால் காலை ஏரியில்தான் தொங்கவிட வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தட்டைப் படகை எடு" என்றேன்.

"எதுக்கும்..." என்று தொடங்கினாள்.

"பாத்துரு, பாத்துரு" என்றேன்.

அவள் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் படகைத் தண்ணீரில் இறக்கி, உள்ளே தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். இவள் படகை மரக்கட்டைகள்மேல் ஏற்றி வைக்கச் சொன்னாள். குழாயைப் போட்டு உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நிரப்பினாள். பிறகு கோணியை விரித்துக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, எந்த ரிவிட்டில் தண்ணீர் கசிகிறது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கசிந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டாள்.

காசாளர் பதறிப்போனார். "ஏம்மா, படகு வாங்க வந்தீங்களா, குளிப்பாட்ட வந்தீங்களா?"

"காசு குடுத்து வாங்குற மாடு சார். பல்லைப் பிடிச்சுப் பாக்காம முடியுமா?"

அவர் படகில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. நசுங்கல் படகில் மூன்று வட்டங்கள் விழுந்தன. அந்த மீனவர் மறைக்கவில்லை. "சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா அடங்கிரும் தங்கச்சி. அது படகு இல்ல, முள்ளு. எந்த அலையையும் குத்திக் கிழிச்சிட்டுப் போகும்" என்றார்.

இத்தனைக்கும் பிறகு நான் மறுபடியும் தட்டைப் படகு என்றேன். மாப்பிள்ளையும் தலையாட்டினார். காசாளர் மகிழ்ச்சியாக, "நாளைக்குக் காலைல வாங்க. ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும். ஓட்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"கண்ணாடி மாதிரி இருந்தா கட்டிலைப் போட்டுக்கூட போகலாம் சார். மத்தியானம் வர்றோம், காத்து எழுந்தப்புறம்" என்றாள் தங்கை.

மறுநாள் மத்தியானம் நாங்கள் மூவரும் அந்தப் படகில் ஏறினோம். மாப்பிள்ளை முன்பக்கம் தரையில் ராஜா மாதிரி உட்கார்ந்தார். விபத்துக்குப் பிறகு அவர் தண்ணீர்மேல் வருவது அன்றுதான் முதல். கரையிலிருந்தவர்களுக்கெல்லாம் கையாட்டினார். "மச்சான், ஒரு தலையணை மட்டும்தான் குறைச்சல்" என்றார்.

ஏரியின் நடுவுக்கு வந்ததும் அலை தொடங்கியது. பெரிய அலை என்று சொல்ல முடியாது. ஆனால் தட்டையான அடி ஒவ்வொரு அலைமேலும் ஏறி, பலகையால் அறைந்ததுபோல் பட்டென்று விழுந்தது. ஏறி, பட். ஏறி, பட். நடுவில் இருந்த எனக்கே முதுகு அதிர்ந்தது. மாப்பிள்ளை பேசிக்கொண்டே வந்தார், சிரித்துக்கொண்டே வந்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். தங்கை அவருடைய கையைப் பார்த்திருக்கிறாள். நீட்டிய காலை முழங்காலுக்குமேல் அவர் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

தங்கை படகைக் கரைக்குத் திருப்பினாள்.

"ஏன் திருப்பிட்ட? நல்லாத்தானே போகுது?" என்றார் மாப்பிள்ளை.

"நல்லாத்தான் போகுது" என்றாள்.

கரையில் இறங்கியதும் காசாளரிடம், "படகு சுத்தமா வச்சிருக்கீங்க சார். ஒரு குறையும் இல்ல. ஆனா எங்களுக்கு ஆகாது" என்றாள். அவருக்குப் பாவம், வருத்தம். எனக்குக் கோபம். காலுக்கென்றே செய்தது மாதிரி ஒரு படகு கிடைத்திருக்கிறது, அதை வேண்டாம் என்கிறாளே என்று கத்தினேன். அவள் என்னைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனாள்.

"கால் வைக்கத்தான் அண்ணே அதுல இடமிருக்கு. வச்ச கால் தாங்காது. நம்மகிட்ட சொல்லமாட்டாரு. நாலு நாள் பல்லைக் கடிச்சிட்டு வருவாரு, அஞ்சாம் நாள் தலைவலின்னு படுத்துக்குவாரு. அதோட சரி."

அதே மத்தியானம், அதே காற்றில், நசுங்கல் படகுக்குப் போனோம். மாப்பிள்ளை முன்னிருக்கையைப் பார்த்தார், நங்கூரப் பெட்டியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். பிறகு கரையிலிருந்த ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்க இருக்கேன்."

"நடுவுல உக்காரு மாப்ளே" என்றேன்.

"நடுவுல உக்காந்தா நான் மூட்டை மச்சான். மூட்டையை எதுக்கு எதிர்க்கரைக்குத் தூக்கிட்டுப் போகணும்?"

படகின் சொந்தக்காரர் ஒரு வழி சொன்னார். நடு இருக்கையை அறுத்து எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும் என்றார். தங்கை அந்த இருக்கையைக் கையால் தட்டிப் பார்த்தாள். அதுதான் படகின் இரண்டு பக்கத்தையும் விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தது. படகு கவிழ்ந்தால் முழுகாமல் மிதக்க வைக்கும் நுரைக்கட்டியும் அதற்குள்தான் இருந்தது. "விலா எலும்பை எடுத்துட்டு நல்லா மூச்சு விடுன்னு சொல்ற மாதிரி இருக்குண்ணே" என்றாள் அவரிடம்.

பிறகு படகில் ஏறி, பின்பக்கம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். மோட்டாரைக் கிளப்பவில்லை. சும்மா உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வலது காலை விறைப்பாக நீட்டினாள். குதிகால் நடு இருக்கையின்மேல் போய் உட்கார்ந்தது. அப்படியே இருந்தாள். காலை எடுத்தாள், இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். நாங்கள் மூன்று ஆம்பளைகளும் இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அண்ணே, டேப் வச்சிருக்கியா?"

என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். கொடுத்தேன். கரைக்கு வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், மாப்பிள்ளையின் இடுப்பிலிருந்து குதிகால்வரை அளந்தாள். திரும்பிப் போய் இருக்கைகளுக்கு இடையில் அளந்தாள்.

"ஏறுங்க. பின்னாடி."

"பின்னாடியா? அது உன் இடம்."

"நேத்துவரைக்கும்."

"அப்ப வலையை யாரு இழுக்கிறது?"

"இந்த ஒரு வருசமா யாரு இழுத்தாங்களாம்?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "மச்சான், உங்க தங்கச்சி என்னை டிரைவரா வச்சுக்கப் பாக்குறா."

"சாப்பாடும் உண்டு மாப்ளே, ஏறு" என்றேன். வேடிக்கையாகச் சொன்னேனே தவிர விஷயம் வேடிக்கையில்லை. அந்த ஏரியில் பலம் உள்ளவர் முன்னால், மற்றவர் பின்னால் என்பதுதான் வழக்கம். பின்னால் போ என்றால் ஒரு ஆண்பிள்ளைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். படகுக்காரர்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. தங்கை கரைக்கு வந்து அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"காத்துல என்னால ரெண்டையும் பாக்க முடியலங்க. நான் வலையில கை வச்சா படகு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. உங்களுக்காகக் கூப்பிடல. எனக்குத்தான் ஆள் வேணும்."

அவர் செருப்பைக் கழற்றிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கால் நடு இருக்கையின்மேல் அளவெடுத்து வெட்டினதுபோல் உட்கார்ந்தது. குதிகாலுக்கு அடியில் தங்கை தன் துண்டை மடித்து வைத்தாள். மோட்டாரின் கைப்பிடி அவருடைய இடது கைக்கு வாகாக இருந்தது. நான் கரையிலேயே நின்றுகொண்டேன். கூரான அடி அலையைப் பிளந்துகொண்டு போனது. அதிர்வில்லை, அந்தப் 'பட்' இல்லை. மாப்பிள்ளை முதலில் படகைக் கோணல்மாணலாகத்தான் விட்டார். முன்னால் முழங்காலிட்டிருந்த தங்கை, எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிறவள், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்து "இப்படிப் பிடிங்க" என்று சொல்லவில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

படகை வாங்கினார்கள். அவளே சுத்தியல் வைத்து மூன்று ரிவிட்டையும் தட்டி அடைத்தாள். எதிர்க்கரைக்குப் போகத் தொடங்கினார்கள். முதல் வாரத்திலேயே, அவள் வலை இழுக்கும்போது மாப்பிள்ளை மோட்டாரை நிறுத்த மறந்து, தண்ணீருக்கடியில் சுழலும் மோட்டார் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு பாதி நாசமானது.

கேள்விப்பட்டு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வலை கூடம் முழுக்க விரிந்து கிடந்தது. தங்கை நடுவில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகக் கண் கண்ணாகக் கோத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சுவரோரம் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"மச்சான், நல்ல டிரைவர் யாராவது இருந்தா சொல்லுங்க. பழைய ஆளை நிறுத்தியாச்சு" என்றார். சிரித்தார், ஆனால் அது சிரிப்பில்லை.

தங்கை தலையைத் தூக்கவில்லை. "அண்ணே, நான் மோட்டார் பிடிச்ச முதல் வருசம் எத்தனை வலையை அறுத்தேன்னு அவரைக் கேளு."

"மூணு" என்றார் மாப்பிள்ளை உடனே.

"ரெண்டு."

"மூணு. புது நைலான் வலையை விட்டுட்டியே."

"அது மரக்கட்டையில மாட்டினது. மோட்டார்ல இல்ல."

"கட்டைக்கு மேல படகை விட்டது யாரு? கட்டையா?"

"கட்டை இருக்குன்னு முன்னாடி நிக்கிறவர் சொல்லணும்!"

"தொண்டை கிழியக் கத்தினேன்! உன் காதுல மோட்டார் சத்தம்தான் விழுந்துச்சு!"

"அப்ப கையைக் காட்டியிருக்கணும்."

"கையில வலை இருந்துச்சுடி!"

நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். கத்திக்கொண்டே மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, காலை வலைக்கு அடியில் நீட்டி உட்கார்ந்தார். கிழிந்த பக்கத்தின் மறுமுனையை எடுத்து அவளுக்கு வாகாக விறைப்பாகப் பிடித்துக்கொண்டார். ஊசி வேகமாக ஓடத் தொடங்கியது.

"இனிமே கட்டை வந்தா நான் கையைத் தூக்குவேன். ஒரு கை தூக்கினா நிறுத்தணும். ரெண்டு கை தூக்கினா பின்னாடி எடுக்கணும்" என்றாள்.

"ரெண்டு கையும் தூக்கிட்டா வலையை எதால பிடிப்ப, பல்லாலயா?"

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தேன். முனை திரும்பும்வரை அந்தச் சண்டை கேட்டுக்கொண்டே இருந்தது.