கள்ளச் சுவிட்ச்

சுனாமி வந்த அன்று கடற்கரைப் பக்கம் நின்ற எங்கள் பிக்கப், எங்கள் ஊர் பெரியகல்லாற்றைக் குறுக்கே கடந்து வாவிச் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. வீட்டில் எல்லோரும் தப்பிவிட்டோம். பிறகு சிரிக்க முடிந்த காலத்தில், "நான் ஓட்டினா இவ்வளவு வேகமாப் போகாது" என்று பகிடி விட்டிருக்கிறேன்.

அதன்பின் மறுபடி நாட்டில் சண்டை. வண்டி கல்லடுக்கில் நின்று துருப்பிடித்தது. சண்டை முடிந்து பதுளை றோட்டு தாராளமாகத் திறந்ததும் எனக்குக் கை துருதுருத்தது. கருவாடு ஏற்றி மலைநாட்டுச் சந்தைக்குப் போகும் பழைய தொழிலை மறுபடி பிடிக்க வேண்டும். பதுளைக் கடைக்காரர் ஒருவர் முதல் லோடும் கேட்டுவிட்டார். ஞாயிற்றுச் சந்தைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம்.

ஏறாவூரில் பிரித்த வேனொன்றின் எஞ்சின் கிடைத்தது. அதை ஏற்றியது பெரிய வேலையில்லை, வயர்தான் உயிரை எடுத்தது. உப்புத்தண்ணீர் குடித்த வயரின் தோலை உரித்தால் உள்ளே பச்சைத் தூள். எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாக இழுக்க ஏறாவூர் வயர்கார நானா ஒருவர், முஸ்லிம் அண்ணன், வந்தார். முற்றமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக வயர் கிடந்தது.

"தம்பி, இதிலயும் கள்ளச் சுவிட்ச் இரிக்கி!" என்று சிரித்தார் நானா.

சண்டைக் காலத்தில் அது இல்லாத வண்டி இந்தப் பக்கத்தில் குறைவு. துவக்கோடு வந்து வண்டி கேட்பவர்களிடம் சாவியைக் கொடுத்துவிடலாம். ஒளித்துவைத்த அந்தச் சுவிட்சைப் போடாமல் வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. சுவிட்ச் எங்கே என்பதை, அதைப் போடச் சொன்ன ஆளைத் தவிர வேறு யாரிடமும் வயர்காரர் சொல்லமாட்டார். தொழில் நேர்மை. எனக்கு அந்தச் சுவிட்சும் உதவவில்லை. சுனாமிக்கு முன் ஒருமுறை காட்டு றோட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை மறித்து, என்னையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். நான் நடந்து வீடு வந்து சேரும்வரை என் மனைவி வாசல் படலையடியை விட்டு அசையவில்லையாம்.

"புதுசில வைக்கிறதா?" என்று நானா கேட்டார்.

"இனி யாருக்கு நானா ஒளிக்கிறது? வேணாம்!" என்றேன் பெரிய மனிதன் மாதிரி.

வெள்ளிக்கிழமை மாலை எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. துள்ளிக் குதிக்காத குறை. சனிக்கிழமை காலை கருவாட்டுக் கட்டுகளை ஏற்றினோம். நானாவும் வழியனுப்ப வந்திருந்தார். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை!

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன வயர் இழுத்தீங்க நானா? உடுப்புக் காயப்போடவா?"

நானா டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தார். டீசல் பம்புக்குக் கரண்ட் வரவில்லை. "என்ட வேலையில பிழை இல்ல தம்பி" என்றவர், என் மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்தார். கொட்டும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி குசினியைப் பார்த்தார். மனிதருக்குத் தேத்தண்ணி விடாய் என்று நினைத்து, "இஞ்சேருகா, நானாக்கு ஒரு பிளேன்டீ" என்று குரல் கொடுத்தேன்.

பிளேன்டீ வந்தது. குடித்து முடித்துவிட்டு மறுபடியும் குசினியைத்தான் பார்த்தார். வெயில் ஏறியது, கருவாட்டில் இலையான் மொய்த்தது. மத்தியானத்துக்குள் வெளிக்கிடாவிட்டால் சந்தையும் போச்சு, கடைக்காரரும் போச்சு. நான் மண்ணில் குந்தித் தலையில் கைவைத்துவிட்டேன். உண்மையில் அழுகை வந்தது.

அப்போது என் மனைவி வெளியே வந்தாள். உடம்பில் நல்ல சேலை, கையில் இரண்டு சோற்றுப் பார்சல். வண்டியில் ஏறிப் பக்கத்துச் சீட்டில் இருந்தாள். குனிந்து சீட்டுக்கு அடியில் கைவிட்டாள். 'டிக்' என்றது.

"இப்ப எடுங்க."

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

நானா இரண்டு கையையும் விரித்தார். "நான் என்ன செய்ய தம்பி? போடச் சொன்னது இந்தத் தங்கச்சி!" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னகா இது? சண்டைதான் முடிஞ்சிற்றே!" என்றேன்.

"முடிஞ்சா நல்லம். விடியச் சுவிட்சை நிப்பாட்டிற்று, அதிலயிருந்து யோசிச்சன், உங்கள விடுறதா வேணாமா எண்டு. இன்னொருக்காப் படலையடியில நிக்க எனக்கு ஏலா. நானும் வாறன்."

மத்தியானத்துக்கு முன் பதுளை றோட்டில் ஏறிவிட்டோம். சுவிட்ச் இருக்கும் இடம் இப்போது எனக்கும் தெரியும். ஆனால் அதைப் போடுவது இன்றுவரை அவள்தான்.